தீனி கேட்காத கழுதை

வில்லோ ஃபோர்க், மொன்டானா
டிசம்பர், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகள் பிரிட்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே பனி முழங்கால் வரைக்கும் கிடக்கிறது, விறகு வேண்டிய மட்டும் இருக்கிறது, நானும் அப்பாவும் மூன்று வேளையும் சாப்பிடுகிறோம், அதனால் நலம் என்றே வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளை யெல்லேயும் ஆம்ஸ்டர்டாமில் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும், ஞாயிறுதோறும் கோயிலில் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். நீ அனுப்பிய சாக்லேட் டப்பா வந்து சேர்ந்தது. அப்பா அதைக் கொட்டகையில் ஒளித்து வைத்துத் தின்கிறார், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. லெஃப்சா ரொட்டி சுட உருளைக்கிழங்கு வேகவைத்துவிட்டு, அது ஆறுகிற நேரத்தில் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். அப்பாவுக்குக் காது மந்தமானதிலிருந்து நம் வீட்டுப் போன் ஊருக்கே கேட்கிற மாதிரித்தான் பேசுகிறது, அவரோ நான் போனை எடுத்தால் பக்கத்து நாற்காலியை விட்டு நகர மாட்டேன் என்கிறார். அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டிய சங்கதி இது.

போன ஞாயிறு நீ கிறிஸ்துமஸுக்கு இரண்டாவது பேட்டரி அனுப்பட்டுமா, அது இருந்தால் சைக்கிள் இன்னும் அத்தனை தூரம் போகுமே என்று கேட்டாய். அப்பா சரிம்மா சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் திணித்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று வெளியே போனார். நம் வீட்டில் மாடு இல்லாமல் போய் எத்தனை வருஷம் ஆயிற்று. இந்த வருஷம் வேட்டையில் ஒன்றும் சிக்கவில்லை என்று அக்டோபரில் உன்னிடம் சொன்னாரே, அதுவும் பொய். சிக்கியது. அவர் ஆயுளில் பார்த்ததிலேயே பெரிய எல்க் மான் சிக்கியது. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன், படித்துவிட்டு உன்னை நீயே நொந்துகொள்ளாதே, அழாதே. நீ நல்ல மனசோடு அனுப்பினாய். அந்தத் தடித்த சக்கர மின்சார சைக்கிள் பெட்டியிலிருந்து இறங்கிய அன்று உன் அப்பாவை நீ பார்த்திருக்க வேண்டும். புது முட்டி வைத்த காலை நீட்டிக்கொண்டு கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தார், நான் சாப்பிடக் கூப்பிடக் கூப்பிட இன்னும் ஒரு சுற்று இன்னும் ஒரு சுற்று என்றார். அப்பாவின் வேட்டைக் கூட்டாளி டெல்பர்ட் மாமா வேலியில் சாய்ந்து நின்று, டேய் ஆரின், பலூன் கட்டலையா, கேக்கு எப்ப வெட்டுறோம் என்று கத்தினார். அப்பாவும், உனக்கு வயித்தெரிச்சல்டா கெழவா, உன்னால ஏறி உக்காரக்கூட முடியாது என்று பதிலுக்குக் கத்தினார். சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் இருந்தது, அன்றைக்கு யாரும் எதையும் தப்பாக நினைக்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் முட்டி கெட்டுப்போன பிறகும் அவர் ஒவ்வொரு செப்டம்பரும் வில்லை எடுத்துக்கொண்டு மலை ஏறினாரே, எப்படி என்று நினைத்தாய்? டெல்பர்ட் மாமாவின் கோவேறு கழுதை பியர்ல் மேல் அப்பா உட்கார்ந்திருப்பார், மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். இன்னொரு கழுதை டாட்டி சாமான்களைச் சுமந்துகொண்டு பின்னால் வரும். மாமாவுக்கும் வயது எழுபதைத் தொடுகிறது, அவரும் ஏறி உட்காரலாம், ஆனால் டாட்டிக்குச் சுமை அதிகமாகும் என்று நடந்தே வருவார். ஊரில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உன் அப்பா கால் ஊன்ற முடியாமல் போனது நாலு பேருக்குத் தெரியக்கூடாது என்று மாமாவே மலை அடிவாரம் வரை அவரை லாரியில் கூட்டிப்போய் அங்கேதான் கழுதைமேல் ஏற்றுவார்.

அப்படிப்பட்ட மனுஷனைத்தான் ஆகஸ்டில் உன் அப்பா பெட்ரோல் பங்க் காப்பிக்கடையில் வைத்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். மாமா வழக்கம்போல, எப்பப்பா கழுதைங்களுக்கு லாடம் அடிக்கிறோம், சீசன் வந்திருச்சே என்று கேட்டிருக்கிறார். அப்பா கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, டெல்பர்ட், இனிமே உன் கழுதைங்களுக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்துடு, எனக்குத் தீனி கேக்காத, ஒதைக்காத, பின்னாடி நாறாத கழுதை ஒண்ணு கெடச்சிருச்சு என்றாராம். கடையே சிரித்திருக்கிறது. மாமாவும் சிரித்தாராம், நல்லதாப் போச்சு என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்து போனாராம். வீட்டுக்கு வந்து அப்பா இதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேலி பேசாத நாள் கிடையாது, அது அவங்க பாஷை, எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருஷமும் கழுதையைப் பற்றி மட்டும் அப்பா வாய் திறந்ததில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், உன் அப்பா கெட்டது அந்த இடத்தில்தான். போய் ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசிட்டு வாங்க என்றேன். உனக்கு ஒண்ணும் தெரியாது மார்லிஸ், அவன் அதெல்லாம் எடுத்துக்க மாட்டான் என்றார். அந்த மாதமே மாமா ரெண்டு கழுதையையும் வயோமிங்கில் டூரிஸ்டுகளை மலைக்கு ஏற்றிச் செல்கிற ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டார். யாருக்காகத் தீனி போட்டு வளர்க்கணும் என்று கேட்டாராம். அதையும் நாங்கள் ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

செப்டம்பரில் அப்பா தனியாகப் போனார். மரக் கம்பெனிக்காரன் நிலம்தான், வாயிலிலேயே மின்சார சைக்கிள் போகலாம் என்று எழுதி மாட்டியிருக்கிறான், அதில் ஒரு தப்பும் இல்லை. மேட்டிலேயே நின்றுவிட்டு வந்துவிடுவேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் அந்தப் பாதை வாயிலைத் தாண்டியதும் கெட்டில் பள்ளத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போகும் என்பது உனக்கும் தெரியும், சின்ன வயதில் அங்கே ஹக்கிள்பெர்ரிப் பழம் பறிக்கப் போய்த் திரும்பி ஏற முடியாமல் அழுதிருக்கிறாய். அவர்கள் ரெண்டு பேரும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கெட்டில் அடிவாரத்தில் வேட்டையாடியதில்லை, கழுதை இருந்தும்கூட. சுமந்து வெளியே கொண்டுவர முடியாத இடத்தில் உயிரை எடுக்கக்கூடாது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. கெட்டில்ல அடிச்சா சட்டியும் கரண்டியும் எடுத்துட்டுப் போகணும், அங்கயே உக்காந்து தின்னு முடிச்சுட்டுத்தான் வரணும் என்று மாமா சொல்வாரே, அந்தக் கேலியை நீயே எத்தனை தடவை கேட்டிருப்பாய். சைக்கிள் மேடே இல்லாத உன் ஊரில் செய்யப்பட்டதோ என்னவோ, அதற்கு மேடு பள்ளம் தெரியாது. இறக்கத்தில் சத்தமே இல்லாமல் காற்றாகப் போகிறது, மனுஷ நடை சத்தம் கேட்காததால் எல்க் ஓடுவதும் இல்லை, எல்க் குரல் எழுப்பும் குழலை எடுத்து அப்பா ஒரு தடவை ஊதியதும் அந்த ஆண் எல்க் பதில் கொடுத்துக்கொண்டு நேராக அவர் முன்னால் வந்து நின்றதாம். ஆழம் தெரியாமல் காலை விட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது, ஆழம் தெரிந்தே விட்டார். வலியில்லாமல் அவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்கிற சந்தோஷத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யல மார்லிஸ், இருபது வயசு ஆளாட்டம் இருந்துச்சு என்று பிறகு என்னிடம் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

அம்பு சரியாகப் பட்டது, அது துடிக்காமல் விழுந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு ஆகஸ்ட் மாதிரி வெயில். மாமா இருந்தால் ஒருத்தர் காலைப் பிடிக்க ஒருத்தர் தோலை உரித்துச் சீக்கிரமே நாலு கால்களையும் பிரித்து நிழலில் மரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள், காற்றுப் பட்டு ஆறியிருக்கும். குதிரை அளவு உடம்பை ஒற்றை ஆளாகப் புரட்ட உன் அப்பாவால் முடியவில்லை. மேல்பக்கத்துத் தோளையும் தொடையையும் மட்டும் அறுத்து எடுத்து, ஈ மொய்க்காமல் இருக்கட்டும் என்று தொடையைத் தார்ப்பாயில் சுற்றி, பின்னால் இழுக்கும் சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஏற்றத்தில் அந்தப் பாரத்தோடு பாதி வழிகூட வரவில்லை, பேட்டரி செத்துவிட்டது. பேட்டரி செத்தால் அது சைக்கிள் இல்லையம்மா, வெறும் இரும்பு. அந்த முட்டியை வைத்துக்கொண்டு அதைத் தள்ளியிருக்கிறார், நூறு அடி தள்ளுவதும் உட்காருவதுமாக. போன் அங்கே எடுக்காது. இருட்டியும் ஆள் வராமல் நான் யாரைக் கூப்பிடுவேன்? ஒரு மாதமாக நம் வீட்டுப் பக்கம் தலைகாட்டாத டெல்பர்ட் மாமாவைத்தான் கூப்பிட்டேன். மேட்டுலதான் நிப்பேன்னு சொல்லிட்டுப் போனாரு என்றேன். இறக்கத்துல காத்தாட்டம் போற வண்டியக் குடுத்தா எவன் மார்லிஸ் பிரேக்கப் புடிப்பான், கெட்டில்லதான் கெடப்பான், நீ கதவத் தாப்பாப் போடாம வை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கழுதை இல்லை, அதனால் சுமை கட்டி முதுகில் தூக்கும் பழைய சட்டத்தை மாட்டிக்கொண்டு நடந்தே போனார். பொழுது விடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

அப்பாவைத் தண்ணீர் குடிக்கவைத்து அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு மாமா தனியாகப் பள்ளத்தில் இறங்கினாராம். வெயில் ஏறித் திரும்பி வந்தபோது முதுகுச் சட்டம் காலியாக இருந்ததாம். கத்தியை அப்பா மூக்கருகே நீட்டினாராம். எல்க்கின் இடுப்பெலும்பு ஓரமாக உள்ளே விட்டு எடுத்த கத்தி. அந்தப் புளித்த நாற்றம் மூக்கில் ஏறியதும் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. முழு எல்க்கும் போயிற்று. தார்ப்பாயில் சுற்றிய தொடையையும் வெக்கை தின்றுவிட்டிருந்தது. பிழைத்தது சுற்றாமல் காற்றுப்பட வைத்த ஒரே ஒரு தோள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அந்தத் தோளை மாமா முதுகில் கட்டிக்கொண்டு முன்னால் நடக்க, உன் அப்பா அந்தச் செத்த சைக்கிளையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார், நீ ஆசையாக வாங்கிக்கொடுத்தது கடைசியில் அதற்குத்தான் உதவியது. வாயில்வரை மாமா ஒரு வார்த்தை பேசவில்லையாம். சட்டி கரண்டி கொண்டு வந்தியாடான்னு கேட்டிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும் மார்லிஸ், அவன் கேக்கலையே, கேக்கவே இல்லையே என்று அப்பா இன்றைக்கும் சில நாள் சாப்பாட்டுத் தட்டுமுன் உட்கார்ந்து சொல்கிறார்.

மரக் கம்பெனி வாயிலில் மாமா அப்பாவின் லாரியில் இறைச்சியை வைத்துவிட்டு, நம் வீட்டு வாயில்வரை பின்னாலேயே தன் லாரியில் வந்தார். எனக்குப் பள்ளத்தில் நடந்தது ஒன்றும் தெரியாது. எல்க் விழுந்தது என்று மட்டும் அப்பா வழியில் போன் வேலை செய்ததும் கூப்பிட்டுச் சொன்னார், மீதியைச் சொல்லவில்லை. நான் வழக்கம்போல இரும்புச் சட்டியைக் காயவைத்து வெங்காயம் நறுக்கி ரெண்டு தட்டு எடுத்து வைத்தேன். யார் அம்பு பட்டாலும் முதுகெலும்புக்கு உள்ளே ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய கறியை அன்றைக்கே வெண்ணெயில் வதக்கி அவர்கள் ரெண்டு பேரும் என் மேஜையில் உட்கார்ந்து தின்பார்கள், உன் கல்யாணத்துக்கு முதல் நாள்கூட அது நடந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மாமாவின் லாரி நம் வாயிலருகே கொஞ்சம் நின்றது, பிறகு ஹாரன்கூட அடிக்காமல் அவர் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. சட்டி புகைந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த வெங்காயத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் அப்பா தானே வேட்டைக் காவல் அதிகாரியைக் கூப்பிட்டார். இப்போது அந்த வேலையில் இருப்பது உன்னோடு பள்ளியில் படித்த கோலெட். அவள் வந்து பள்ளத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, நீங்க வேணும்னு விட்டுட்டு வரலையே ஆரின் மாமா, முடிஞ்ச மட்டும் செஞ்சிருக்கீங்க, வழக்கு ஒண்ணும் இல்ல, கொம்பை எடுத்துக்கங்க என்றாள். உன் அப்பாவுக்கு அப்படி ஒரு கோபம். தப்புப் பண்ணினவனுக்குத் தண்டனை எழுத உனக்குக் கை வலிக்குதா, உங்கப்பனா இருந்தாலும் இப்படித்தான் விடுவியா என்று அந்தப் பெண்ணிடம் சண்டை போட்டார். அவள் பாவம், என்னைப் பார்த்தாள், நான் கண்ணைக் காட்டி அனுப்பிவிட்டேன். தண்டனை கொடுத்திருந்தால் கட்டித் தீர்த்திருப்பார், யாரும் கொடுக்காததால்தான் இன்னும் தீரவில்லை. கொம்பைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். இறைச்சியை வீணாக்கினவன் கொம்பை வீட்டில் மாட்டினால் அதன்கீழ் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது என்றார். நீ போட்டோ அனுப்பச் சொல்வாய் என்று பயந்துதான் ஒன்றும் சிக்கவில்லை என்று சொன்னார், அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

போன மாதம் நன்றி நாள் விருந்துக்கு மாமா வரவில்லை. லூயிஸ் அத்தை செத்து அவர் தனியாளான பிறகு ஒரு வருஷம்கூட வராமல் இருந்ததில்லை. நான் நாற்காலி போட்டு வைத்திருந்தேன், ஜலதோஷம் என்று சொல்லி அனுப்பினார். அப்பா வான்கோழியில் ரெண்டு வாய்தான் தின்றார். வயோமிங்காரனுக்குப் போன் போட்டுக் கழுதைகளைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தார், பியர்ல் கைமாறிப் போய்விட்டதாம், டாட்டியைத் தரமாட்டானாம். அடுத்த ஞாயிறு மாமா கோயிலில் இருக்கிற நேரம் பார்த்து, அப்பா உன் சைக்கிளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மாமாவின் காலித் தொழுவத்தில், பியர்லைக் கட்டுகிற கம்பத்தில், பியர்லின் கயிற்றாலேயே கட்டிவிட்டு வந்துவிட்டார். ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை, கொட்டகை காலியாக இருப்பதைப் பார்த்து நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன் பரிசை இப்படிக் கொடுத்துவிட்டாரே என்று உனக்கு வருத்தம் இருந்தால் அது என்னோடு இருக்கட்டும், அவரிடம் கேட்காதே. அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த வழி வேறு இல்லை.

நேற்று முட்டி டாக்டரிடம் போனோம். தள்ளியதில் வைத்த முட்டி ஆடிப்போய், கீழே எலும்பும் கீறிவிட்டதாம். திரும்ப வெட்டித் தைத்தாலும் மலை இனி கண்ணால் பார்க்கத்தான் என்று சொல்லிவிட்டாள். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டார். எனக்கு அப்போது மனதில் ஓடியது ஒன்றுதான் பிரிட்டா. அப்படியானால் செப்டம்பரில் போனதுதான் அவருடைய கடைசி வேட்டை. இத்தனை காலம் சேர்ந்தே போனவர்கள், கடைசித் தடவையில் ஒருத்தர் தனியாகப் போனார், இன்னொருத்தர் தேடிக்கொண்டு போனார். அதை இனி யாராலும் மாற்ற முடியாது, நானும் நீயும் அப்பாவும் மாமாவும் எத்தனை நொந்தாலும் முடியாது.

திரும்பும் வழியில் மாமாவின் தொழுவத்தைத் தாண்டி வந்தோம், நான்தான் ஓட்டினேன். உன் சைக்கிள் கட்டிய இடத்திலேயே கூரைக்கடியில் நின்றது. அதன் இருக்கைமேல் பியர்லின் பழைய கம்பளி விரித்து வாரால் இறுக்கியிருந்தது. முன்சக்கரத்துக்கு எதிரே, பனி படாமல், ஒரு கட்டுக் காய்ந்த புல் பிரித்துப் போட்டிருந்தது, பக்கத்தில் வாளியில் தண்ணீர். அப்பா நிறுத்து நிறுத்து என்றார், நிறுத்தினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். தீனி வச்சிருக்கான் மார்லிஸ், பாரு, தண்ணிகூட வச்சிருக்கான் அந்தக் கெழட்டுப் பய என்றார், சிரிக்க ஆரம்பித்து முடிக்க முடியாமல் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். மாமா வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தது, ஆள் உள்ளேதான் இருந்தார். போய்ட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன் என்றேன். கொஞ்ச நேரம் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, இன்னிக்கு வேணாம், முட்டி சமாச்சாரத்த கேப்பான், சொல்லணும், போ என்றார். நான் வண்டியை எடுத்துவிட்டேன். எடுத்திருக்கக்கூடாதோ என்று நேற்றிலிருந்து எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

உருளைக்கிழங்கு ஆறிவிட்டது, மாவு பிசைய வேண்டும். உன் பங்கு லெஃப்சாவைத் தகர டப்பாவில் போட்டு அனுப்புகிறேன், வந்ததும் ஈரத் துணியில் கொஞ்சம் வைத்துவிட்டுத் தின்னுங்கள், விறைத்துப் போயிருக்கும். மாப்பிள்ளையிடம் அந்த மழையில் தலைக்குத் தொப்பி இல்லாமல் சைக்கிளில் போகாதே என்று நான் சொன்னதாகச் சொல். ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தர் சொல்லை ஒருத்தர் பொறுத்துக்கொண்டு நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், ஆண்டவர் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். பேட்டரி அனுப்பாதே, மறந்தும் அனுப்பிவிடாதே. அதற்குப் பதிலாக இந்த ஞாயிறு எனக்குப் போன் போடுவதற்கு முன்னால் டெல்பர்ட் மாமாவுக்குப் போடு. முட்டியைப் பற்றியும் எல்க்கைப் பற்றியும் ஒன்றும் பேசாதே. மாமா, அந்தக் கழுதை தீனி தின்னுதா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா
மார்லிஸ்